மனநலப் பயிற்சியில் சாதி எங்கே?

தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருதச் சொல்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. சுக்தேப் சாஹா வழக்கில் (25.07.2025) உச்ச நீதிமன்றம், கல்வி நிறுவன ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை மனநலப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களைப் பாகுபாடின்றி அணுகவும் பயிற்றுவிக்கச் சொன்னது. நல்லது. பயிற்றுவிக்கும் மனநல வல்லுநர்களுக்குச் சாதியைக் கற்பிப்பவர் யார் என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

இடஒதுக்கீட்டைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட மாணவியிடம் தன்னம்பிக்கை பேசி அனுப்புவது ஆற்றுப்படுத்தல் அன்று. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் அவ்வெண்ணம் தூண்டப்படுவதில்லை. உண்டெனில் அவரைத் தனித்து விடலாகாது. அவர் கூறும் அவமதிப்பை நோய்க்குறியாக அன்றி நிகழ்வாகக் குறித்துக்கொள்ளவும், அவர் இசைந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி புகாரளிக்கத் துணைநிற்கவும் பணியாளர் பயில வேண்டும். அரசின் டெலி மானஸ் (14416) ஆலோசகர்களுக்கும் இப்பயிற்சி தேவை.