கொக்கலையிலிருந்து பறந்த கனேடியர்



எங்கள் அப்பாச்சி தனது வயதை ஆண்டுக் கணக்கில் சொல்லமாட்டார். "யப்பான்காரன் குண்டு போட்ட வருசம் எனக்குப் பத்து வயது" என்பார். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி எரிந்து எழுந்த கரும்புகையைப் பார்த்தாராம். அன்றிரவே வீட்டைப் பூட்டிக்கொண்டு, மாட்டுவண்டியில் தூரத்து உறவினர் வீட்டுக்குப் போனார்களாம். எங்கள் குடும்பத்தின் முதலாவது இடப்பெயர்வு அது. அதற்குப் பிறகு நடந்தவற்றை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த யப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதை முதலில் கண்ணால் கண்டவர் ஒரு கனேடிய விமானி. இதை நான் அறிந்தது இங்கு வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2004 செப்டெம்பரில் அவர் காலமான செய்தியைப் படித்தபோதுதான். பெயர் லெனாட் பேர்ச்சால். 1915இல் ஒன்ராறியோவின் சென் கதறின்ஸ் நகரில் பிறந்தவர்.

பேர்ச்சால் ஓட்டியது கற்றலீனா என்ற ரோந்துக் குண்டுவீச்சு விமானம். தண்ணீரிலே இறங்கித் தண்ணீரிலிருந்தே கிளம்பும். வேகம் குறைவு; ஆனால் ஒரு நாள் முழுக்க வானில் நிற்கக்கூடியது. அவர் சேர்ந்திருந்த 413ஆவது கனேடிய அணி ஸ்கொட்லாந்தின் வடக்கிலிருந்து காலிக்கு அருகே உள்ள கொக்கலை வாவிக்கு அனுப்பப்பட்டது. பேர்ச்சால் வந்து சேர்ந்தது ஏப்ரல் 2ஆம் திகதி. 4ஆம் திகதி விடிவதற்கு முன்பே ரோந்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

பகல் முழுவதும் வெறும் கடல். மாலையில் திரும்பும் நேரம், சந்திரன் எழுந்ததும் தங்கள் இடத்தைச் சரியாகக் கணித்துவிடலாம் என்று இன்னும் சற்று நேரம் சுற்றியிருக்கிறார்கள். அப்போதுதான் தெற்கே அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 350 மைல். கிட்டப் போய்ப் பார்த்தால், அட்மிரல் நகுமோவின் படை: ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள், நான்கு பெரும் போர்க்கப்பல்கள், கூடவே மற்றவை. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதும் இதே நகுமோவின் படைதான்.

ஒளிய மேகமும் இல்லை, ஓட வேகமும் இல்லை. வானொலிச் செய்தியை மூன்று தரம் அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாம் தரம் அனுப்பிக்கொண்டிருக்கையில் சீரோ விமானங்களின் குண்டு பட்டு வானொலிக் கருவி சிதறியது. விமானம் தீப்பற்றி எரிய, பேர்ச்சால் அதைக் கடலில் இறக்கினார். உள்ளே இருந்தவர்கள் ஒன்பது பேர். கால் துண்டிக்கப்பட்ட ஒருவர் விமானத்தோடே மூழ்கினார். கடுங்காயப்பட்ட இருவர் மிதப்பு அங்கியோடு தண்ணீரில் கிடந்தார்கள். மேலிருந்து சுட்டபோது மற்றவர்கள் நீருக்குள் அமிழ்ந்து தப்ப, அவர்களால் அமிழ முடியவில்லை. மிஞ்சிய ஆறு பேரையும் இசோகாசே என்ற நாசகாரிக் கப்பல் தூக்கி எடுத்தது.

"செய்தி அனுப்பினாயா?" என்று கேட்டு அடித்தார்கள். இல்லை என்று சாதித்தார் பேர்ச்சால். அவர்கள் நம்பத் தொடங்கிய நேரம் கொழும்பிலிருந்து வானலையில் ஒரு கோரிக்கை வந்தது: செய்தி தெளிவில்லை, மீண்டும் அனுப்பு! மறுபடி அடி விழுந்தது.

அடுத்த நாள், உயிர்த்த ஞாயிறு. கொழும்பு தாக்கப்பட்டது. முன்கூட்டியே தெரிந்ததால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல இரவோடிரவாக வெளியேறியிருந்தன. ஆனால் அப்படி வெளியேறிய டோர்செற்சயர், கோர்ன்வோல் என்ற இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்களும் நடுக்கடலில் அகப்பட்டு மூழ்கின. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். நான்கு நாட்களின் பின் திருகோணமலை. அதுதான் அப்பாச்சி கண்ட புகை.

கனேடியப் பத்திரிகைகள் பேர்ச்சாலுக்கு 'இலங்கையின் இரட்சகர்' என்று பட்டம் சூட்டின. இது சற்று மிகைதான் என்பது என் எண்ணம். நகுமோ வந்தது அடித்துவிட்டுப் போக. தரையிறங்கிப் பிடிக்க அல்ல. தாக்குதல் வரப்போகிறது என்பது பிரித்தானியரின் உளவுத்துறைக்கு மார்ச் மாதமே தெரிந்திருந்தது. எங்கே, எப்போது என்பதைத்தான் பேர்ச்சாலின் செய்தி உறுதிப்படுத்தியது. அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தச் சில நிமிடங்களை விட, அடுத்த ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளே என் மனதில் நிற்கின்றன.

அவரை முதலில் கொண்டுபோனது யொக்கோகாமாவுக்கு அருகே ஒஃபுனா என்ற கடற்படை விசாரணை முகாமுக்கு. அங்கே இருப்பவர்களின் பெயர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுப்பதில்லை. கைதி என்ற பதிவே கிடையாது. ஊரில் அவர்கள் 'காணாமற்போனோர்'. இந்தச் சொல் ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால் என்ன செய்யும் என்பது நேயர்களில் பலருக்குத் தெரியும்.

பின்னர் வேலை முகாம்கள். அங்கே போர்க் கைதிகளுக்குள் மூத்த அதிகாரி என்ற பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. உணவோ அரை வயிற்றுக்கும் காணாது. பசித்தவர்களிடையே சண்டை வருவது சோற்றின் அளவில்தான். அதற்கு அவர்கள் கண்ட வழி இது: பங்கிட்ட பிறகு, தனக்குக் குறைந்துவிட்டது என்று எவராவது நினைத்தால், தனது கோப்பையைக் கொடுத்துவிட்டு அதிகாரியின் கோப்பையை எடுத்துக்கொள்ளலாம். முகாம் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்கும். வரிசையில் நின்று பருப்பு வாங்கிய எனக்கு விளங்கியது.

ஒருமுறை நோயாளிகளை வேலைக்கு இழுத்தபோது, காவலுக்கு நின்ற யப்பானியரைத் தன் உடலால் தடுத்து நிறுத்தினார். அதற்குத் தண்டனையாகப் பல நாட்கள் தனியறை, கடும் அடி. இன்னொரு முறை, தன் ஆட்கள் மோசமாக நடத்தப்படுவதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய வைத்தார். ஒவ்வொரு முறையும் அடி தனக்கே விழும் என்று தெரிந்தே செய்தார்.

இவற்றோடு எழுதவும் செய்தார். யார் முகாமில் இருக்கிறார், யாருக்கு என்ன நோய், யார் யாரை அடித்தார், யார் எப்போது இறந்தார் என்றெல்லாம் நாட்குறிப்பாக எழுதி ஒளித்து வைத்தார். இறந்தவர்களின் மரணச் சான்றிதழ்களையும் சேர்த்து வைத்தார். கண்டுபிடித்திருந்தால் உயிர் போயிருக்கும். 1945 ஓகஸ்ட் இறுதியில் விடுதலையானபோது அந்தக் குறிப்புகளும் வெளியே வந்தன. பிறகு போர்க்குற்ற விசாரணைகளில் அவை சாட்சியாயின. எத்தனையோ குடும்பங்களுக்குத் தங்கள் பிள்ளை எங்கே, எப்படி இறந்தான் என்று சொல்ல ஒரு தாளாவது இருந்தது.

ஊர் திரும்பியவர் 1963 முதல் 1967 வரை கிங்ஸ்ரன் இராணுவக் கல்லூரியின் தலைவராக இருந்தார். பிறகு, எங்கள் பிள்ளைகள் பலர் படித்த அதே யோர்க் பல்கலைக்கழகத்தில் 1982 வரை நிர்வாகப் பணி செய்தார். ரொறன்ரோவில் நாங்கள் சிலர் வந்திறங்கி அகதி விண்ணப்பம் எழுதிய காலத்தில், கொக்கலையை அறிந்த இந்த மனிதர் நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரத் தூரத்தில் கிங்ஸ்ரனில் வாழ்ந்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. அப்பாச்சிக்கும் தெரியாது.

அவர் கடைசியாகத் தொலைபேசியில் கதைத்தபோது இந்தக் கதையை முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணிக்குள்ள சுட்டுப்போட்ட அந்த ரெண்டு பெடியளின்ர பேரையும் எழுதி வச்சிருக்கினமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப சரி" என்றார்.