மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம்

சாக்கடை, குப்பை, அங்காடி உரிமம், மதிப்பீட்டு வரி என்று வீட்டு வாசல் வரை வரும் காரியங்களுக்குத் துணைச் சட்டம் வகுப்பது ஊராட்சி மன்றம். அந்த மன்ற உறுப்பினர்களை மலேசிய மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த காலம் ஒன்று இருந்தது.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் 1951 டிசம்பரில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 15 உறுப்பினர்களில் 9 பேர் மக்கள் வாக்கால் வந்தனர். 1957 ஜனவரி 1-ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மாநகரானது. அதன் முதல் மேயர், தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன்.

1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு அமைந்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் செனட்டர் ஆதி நாகப்பன். மன்றங்களைத் தேர்தல் மூலமே அமைக்க வேண்டும் என்று அவ்வாணையம் 1968-இல் பரிந்துரைத்தது. ஆனால், 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைநாட்டியது. தேர்தலை மீட்கப் பினாங்கு மாநிலம் 2012-இல் இயற்றிய சட்டத்தையும் 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை.

நியமிக்கப்பட்டவர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனாலும், பதவி கொடுத்தவருக்குத்தான் அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். வரி கட்டுகிறவரின் கேள்விக்கு யார் பதில் சொல்வது? ஆதி நாகப்பன் ஆணையம் அன்று விடை கூறிவிட்டது. அதை நடைமுறைப்படுத்துவதே பாக்கி.