கரிசலிலிருந்து போன கருவிழி

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பெரிய காரியம் என்றால், நீர்மாலை எடுத்து முடிக்கவே பொழுது சாய்ந்துவிடும். கருவிழிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. உயிர் பிரிந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கண் தானத்துக்கு வீட்டார் சம்மதித்ததும் மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைப்பார்கள். கண் வங்கி ஆட்களுக்கு வேலை இருபது நிமிடம்தான். முகம் பார்க்க வருகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. இறந்தவர் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவராக இருந்தாலும் தடையில்லை.

எடுத்தது வாட்ச் கண்ணாடி போல வளைந்த, அரை மில்லிமீட்டர் கனமுள்ள திசு. ஊட்டநீர்க் குப்பியில், 4 டிகிரி குளிரில், திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ கிளம்புகிறது. மதுரை என்றே வைத்துக்கொள்வோம். அங்கே 1998 முதல் ரோட்டரி அரவிந்த் கண் வங்கி இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியும் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர்தான். கரிசலில் இருந்து போனவர்.

வங்கியில் இறந்தவரின் ரத்தத்தை எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு கருவிழியின் உள்ளடுக்குச் செல்களை எண்ணுகிறார்கள். அழிந்தால் திரும்ப வளராத செல்கள் அவை. பார்வை தரும் ஆபரேஷனுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 2000-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. குறைந்தால் தூக்கி எறிவதில்லை. புண் அரித்து ஓட்டை விழுந்த கண்ணை அடைக்க உதவும். சோளத்தோகை கீறி, பூஞ்சை பற்றி, புண்ணான கண்கள் நம் பக்கத்தில் ஏராளம்.

நல்ல கருவிழிக்குக் காத்திருப்பவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் தொழிலாளி என்று கொள்வோம். கெரட்டோகோனஸ்: கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கி, தழும்பேறியிருக்கிறது. போதாததற்குக் கண்புரை. உள்ளடுக்கு நன்றாக இருந்தால் அதை விட்டுவிட்டு மேலடுக்குகளை மட்டும் மாற்றலாம்; உடம்பு மறுக்கும் அபாயம் குறையும். இல்லையென்றால் முழுக் கனத்துக்கும் வெட்டி எடுப்பார்கள். அப்போது திறந்திருக்கும் வழியாகவே புரையை எடுத்து, லென்ஸ் வைத்து, தானக் கருவிழியைத் தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் தைத்துவிடலாம். பெரும்பாலும் 16 தையல். லென்ஸும் மதுரைச் சரக்காகவே இருக்கலாம். அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புக் கூடமான ஆரோலேப் 1992-லிருந்து செய்கிறது.

சிக்கல் லென்ஸின் பவரில் இருக்கிறது. கருவிழியின் வளைவை அளந்துதான் அதைக் கணக்கிட வேண்டும். கூம்பில் எடுத்த அளவை நம்ப முடியாது. புதிய கருவிழியின் வளைவோ தையல் பிரித்த பிறகே நிலைக்கும். அதற்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். அதனால் முதலில் கருவிழி, அப்புறம் புரை என்று பிரித்துச் செய்வதும் உண்டு. பவர் துல்லியமாக அமையும். ஆனால் இரண்டாம் ஆபரேஷனில் புதுக் கருவிழி கொஞ்சம் செல்களை இழக்கும். கூலியும் மறுபடி போகும். இளம்புரை என்றால் காத்திருக்கலாம். முற்றிய புரையோடு வருகிறவரை இன்னொரு வருஷம் இருட்டில் உட்கார வைப்பதைவிட, பிறகு கண்ணாடி போட நேர்ந்தாலும் ஒரே தடவையில் முடிப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஊர் திரும்பிய பிறகும் சொட்டு மருந்து மாதக்கணக்கில் தொடரும். கண் சிவந்தாலோ, உறுத்தினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே பஸ் ஏற வேண்டும். சம்பள நாள் வரட்டும் என்று இருந்தால், அதற்குள் உடம்பு அந்தக் கருவிழியை அந்நியமென்று ஒதுக்கிவிடக்கூடும்.