தி அசோசியேட்ஸ்

தி அசோசியேட்ஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1979 செப்டம்பர் முதல் 1980 ஏப்ரல் வரை ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடர் ஆகும். இது ஜான் ஜே ஆஸ்பர்ன் எழுதிய அதே பெயருடைய புதினத்தைத் தழுவியது.

நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் உள்ள ஒரு கற்பனைச் சட்ட நிறுவனமே கதைக்களம். பங்குதாரர் ஆகாமல் சம்பளத்திற்குப் பணிபுரியும் வழக்கறிஞர்கள் அங்கு "அசோசியேட்" எனப்படுவர். செங்கல்பட்டு நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞரிடம் தொழில் பழகும் "ஜூனியர்" நிலைக்கு இது ஏறக்குறைய ஒப்பானது. முதிய பங்குதாரராக வில்ஃபிரிட் ஹைடு-வைட்டும், புதிய வழக்கறிஞராக மார்ட்டின் ஷார்ட்டும் நடித்தனர்.

"டாக்சி" தொடரை உருவாக்கிய ஜேம்ஸ் எல். புரூக்ஸ் முதலியோரே இதனையும் உருவாக்கினர். எனினும் தயாரான 13 பகுதிகளில் 9 மட்டுமே ஏபிசியில் ஒளிபரப்பாயின. தொடர் நிறுத்தப்பட்ட பின்னர், 1981ஆம் ஆண்டு கோல்டன் குளோப் விருதுகளில் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான பரிந்துரையையும், ஹைடு-வைட் சிறந்த நடிகருக்கான பரிந்துரையையும் பெற்றனர்.