பட்டமா? பட்டாவா?



எதிரணித் தம்பி, "தலைமுறைக்கும் நிலைப்பது பட்டம்தான். வெள்ளைக்காரனைப் பாருங்க, தாத்தா வாங்கின 'சர்' பட்டம் பேரனுக்கும் வருது"ன்னு கைதட்டு வாங்கிட்டுப் போனார்.

தம்பி, எல்லா 'சர்' பட்டமும் அப்படி வராது. நம்ம சர் சி.வி. ராமன் வாங்கியது அவரோடு முடிந்த பட்டம். வழிவழியா வர்றதுக்குப் பேரு 'பாரோனெட்'. முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1611-ல் ஆரம்பிச்சார். எதுக்கு? அயர்லாந்தில் படை வைக்கப் பணமில்லை! 1,095 பவுண்டு கட்டினால் குடும்பத்துக்கே பட்டம். நம்ம போச்சம்பள்ளிச் சந்தையிலாவது பேரம் பேசலாம். அங்கே கறார் விலை!

அந்தப் பட்டம் பெற்ற ஒருவர் நம்ம சீமையில் நடந்தவர். தாமஸ் மன்றோ. 1792-ல் திப்பு சுல்தான் பாராமகாலை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. இந்தப் போச்சம்பள்ளியும் அதில் அடக்கம். நிர்வாகத்துக்கு வந்தவர் அலெக்சாண்டர் ரீடு; அவருக்கு உதவியாளர் மன்றோ. தருமபுரியில் இருந்துகொண்டு ஏழு வருஷம் வேலை பார்த்தார். வயலை அளந்தார்கள். நடுவில் ஜமீன்தார் இல்லாமல் விவசாயியிடமே வரி பேசினார்கள். அதுதான் ரயத்துவாரி. விவசாயி பேருக்கே பட்டா! வரிச்சுமை லேசானதில்லை, அதையும் சொல்லத்தான் வேணும்.

சரி, பாரோனெட் பட்டம் பட்டாவுக்காகவா கிடைத்தது? இல்லைங்க! சென்னை கவர்னராக இருந்தபோது பர்மா யுத்தத்துக்கு உதவியதற்காக, 1825-ல். ரெண்டே வருஷம், 1827-ல் பத்திகொண்டாவில் காலராவில் காலமானார். பட்டம் மூத்த மகனுக்குப் போச்சு. 1901-ல் அவர் தம்பிக்கு. 1913-ல் பேரன் ஹியூ மன்றோவுக்கு.

அந்தப் பேரன் பேரு இன்னைக்கும் ஸ்காட்லாந்தில் நிக்குது. பட்டத்தாலயா? அங்கே 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை 1891-லேயே பட்டியல் போட்டார். அந்த மலைகளுக்கே 'மன்றோ'ன்னு பேரு. பட்டம் வந்தது 22 வருஷம் கழிச்சு! தாத்தா பேரு பட்டாவில்; பேரன் பேரு மலையில். பட்டம் எங்கே தம்பி? அது காத்துல பறக்குது!

கடைசியா ஒண்ணு. அந்தப் பாரோனெட் பட்டம் ஆண் வாரிசுக்குத்தான் போகும், பொண்ணுக்குக் கிடையாது. நம்ம பட்டா அப்படியா? இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, 1989-லேயே தமிழ்நாடு மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. ஆனா வீட்டுல என்ன நடக்குது? சிப்காட் வந்து நிலம் விலை ஏறினதும், தங்கச்சிக்குப் புடவை எடுத்துக் கொடுத்து, "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா"ன்னு விடுதலைப் பத்திரத்தை நீட்டுறோம்.

உழைச்சவன் பேருக்கு வந்தது பட்டா, நடுவர் அவர்களே. அதில் பொண்ணு பேரும் இருக்கட்டும். பட்டாவையும் பாரோனெட் பட்டமா ஆக்கிடாதீங்க!