சாக்ஸபோனும் மாணாக்கனும்



இசைக்கருவிகளுள் பல, எவரால் எப்பொழுது ஆக்கப்பட்டன என்று அறிய இயலாதவை. சாக்ஸபோன் அத்தகையதன்று. பெல்ஜியத்தின் தினான் நகரில் 1814ஆம் ஆண்டு பிறந்த அடால்ப் சாக்ஸ் என்பவர் அதனை ஆக்கி, 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்றார். கருவி செய்யும் தந்தையாரிடம் தொழில் கற்றவர் அவர்.

கிளாரினெட்டில் மேல் ஸ்தாயிக்குச் செல்லும் மாணாக்கன் விரல் முறையைப் புதிதாகக் கற்க வேண்டும். கூம்பு வடிவான சாக்ஸபோனிலோ, கீழே பயின்ற விரல் முறையே பெரும்பாலும் மேலும் உதவும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பித்த விதியை இக்கருவியின் அமைப்பிலேயே காண்கிறேன்.

1857இல் பாரிஸ் இசைக் கல்லூரியில் படை இசைஞர்களுக்காக ஒரு வகுப்புத் தொடங்கப்பெற்றது. சாக்ஸே அதன் ஆசிரியர். 1870இல் போர் மூளவே, வகுப்பு நின்றது. 1894இல் சாக்ஸ் மறைந்தார். 1942இல்தான் மார்செல் ம்யூல் என்னும் கலைஞரின் கீழ் அவ்வகுப்பு அங்கே மீண்டும் உயிர் பெற்றது. இடையே எழுபதாண்டுகளுக்கு மேல் அக்கல்லூரியில் இக்கருவிக்கு ஆசிரியர் இல்லை.

எம் பள்ளியிலோ நிலைமை நேர்மாறாயிற்று. ஆசிரியர் இருந்தார், கருவி பழுதாயிருந்தது. பள்ளி வாத்தியக் குழுவுக்கென, பளபளப்பைக் கண்டு மயங்கி, பழைய சாக்ஸபோன் ஒன்றை நான் வாங்கினேன். ஒரு மாணவன் மூன்று மாதம் முயன்றும் கீழ்ச்சுரங்கள் எழவில்லை. "மூச்சுப் போதவில்லை" என்று நானே சொன்னேன். அவன் கண்ணீருடன் விலகினான். பின்னர்ப் பழுது பார்ப்பவர் ஒருவர், இருட்டறையில் குழலுக்குள் சிறு விளக்கை இறக்கிக் காட்டினார். துளைகளை மூடும் தோல் மெத்தைகளின் ஓரங்களில் ஒளி கசிந்தது. ஒளி கசியும் வழியில் காற்றும் கசியுமன்றோ? குறை பையனின் மூச்சில் இல்லை; என் தேர்வில் இருந்தது.

ஆகவே, கருவி வாங்குமுன் இவ்விளக்குச் சோதனையைச் செய்விக்க வேண்டும். தொடக்கத்திற்கு ஆல்டோ வகை ஏற்றது. அளவும் நடுத்தரம், எடையும் தாங்கக்கூடியது. நாகசுரத்தின் சீவாளி இரட்டை; இதற்கோ ஒற்றை நாணற்பட்டை. அது 2 அல்லது 2½ எண்ணுடைய மென்மையானதாக இருத்தல் நலம்.

இனிப்புண்ட வாயுடன் ஊதலாகாது. சர்க்கரை படிந்தால் மெத்தைகள் ஒட்டிக்கொள்ளும். ஊதி முடித்ததும் பட்டையைக் கழற்றித் துடைத்து, வளையாதவாறு தட்டையாக வைத்து உலர்த்த வேண்டும். குழலுக்குள் துணியை இழுத்து ஈரத்தைப் போக்க வேண்டும். கழுத்தின் தக்கை உலராதபடி அவ்வப்போது சிறிது பசை தடவ வேண்டும். இவையனைத்திற்கும் ஐந்து நிமிடம் போதும்.

அந்தப் பையனை மீண்டும் அழைத்தேன், அவன் வரவில்லை. மாணாக்கன் தவறினான் என்று தீர்ப்பளிக்குமுன், அவன் கையிலுள்ள கருவியைச் சோதித்துப் பார்ப்பது ஆசிரியரின் முதற்கடமை. பணி ஓய்வுக்குப் பின்னும் நான் மறவாத பாடம் இது.