மனப்பாடத்துக்கு ஒரு வெண்பா

பாட்டை நெட்டுருப் போடுவது எப்படி என்று மராட்டியருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராமதாசரின் ‘மனாச்சே ஸ்லோக்’ 205 பாடல்கள். தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளில் ஒப்பித்து வருகிறார்கள். தேகூ, ஆளந்திப் பல்லக்குகளோடு புனேயைக் கடக்கும் வார்க்கரி அடியார்கள் ஏட்டைப் பார்த்தா அபங்கம் பாடுகிறார்கள்? பள்ளிப் பிள்ளைக்கு எந்தப் பாட்டு என்ற கேள்விக்கு 1854-லேயே பரசுராம் தாத்யா கோட்போலே ‘நவநீத்’ என்ற தொகுப்பால் விடை சொன்னார். மராத்திக் கவிஞர்களான வாமன பண்டிதரும் மோரோபந்தும் வகுப்பறைக்குள் வந்ததில் அந்தத் தொகுப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

இங்கே வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகளின் நிலை வேறு. 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மகாராட்டிரப் பள்ளிகளில் மராத்தி கட்டாயம். தமிழுக்கு வீடும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும்தான். விழா நெருங்கினால் ஆத்திசூடியில் கொஞ்சம், குறளில் ஓர் அதிகாரம் என்று மேடையேற்றிவிடுகிறோம். ஔவையையும் வள்ளுவரையும் குறை சொல்ல எனக்கு நாவெழாது. ஆனால் நாள் முழுக்க அறிவுரை கேட்கும் பிள்ளை மேடையிலும் அதையே சொல்ல வேண்டுமா?

சிறு பாட்டு என்றதும் குறுந்தொகை நினைவுக்கு வரும். நாலடி முதல் எட்டடிவரை, அளவு கச்சிதம். எனினும் அது ஆசிரியப்பா. எதுகை வந்தால் வரும், வராமலும் போகும். பொருளைப் பிடித்துக்கொண்டே அடுத்த அடிக்குப் போக வேண்டும். பத்து வயதுக்கு அது சிரமம். வெண்பா அப்படியன்று. ஒரு சீரை மாற்றிச் சொன்னால் தளை தட்டும். பழகிய காது உடனே கண்டுகொள்ளும்.

என் தேர்வு முத்தொள்ளாயிரத்தில் சேரனைப் பற்றிய ஒரு வெண்பா. முழுநூல் நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டைத் தொகுத்தவர் பொறுக்கி வைத்ததால் நூற்றுச் சொச்சம் பாடல்கள் பிழைத்தன. கோட்போலேக்கு நம் பக்கத்து மூத்த உறவினர் என்று அந்தப் பெயர் தெரியாத புலவரைச் சொல்லலாம். பாட்டின் செய்தி இதுதான்: சேற்று வயலில் செவ்வாம்பல் பூக்கிறது, வெள்ளத்தில் தீப்பிடித்ததென்று வெருண்ட பறவைகள் குஞ்சுகளைச் சிறகுக்குள் ஒடுக்கிக்கொள்கின்றன. சேரநாட்டில் இதைத் தவிர வேறு ஆரவாரம் இல்லை என்பது குறிப்பு. அறிவுரை ஒன்றுகூட இல்லை. கையைச் சிறகாக்கிக் காட்டப் பிள்ளைக்குச் சொல்லித்தரவே வேண்டாம்.

அதன் கட்டமைப்பைப் பாருங்கள். முதல் இரண்டடியிலும் தனிச்சொல்லிலும் ளகர எதுகை. கடைசி இரண்டடியில் சகர ஒற்று. தனிச்சொல்லில் சற்று நின்றால் பின்பாதி தானே நாவுக்கு வரும். ஈற்றடி முச்சீர். இந்தக் குறுகல் மராத்திக் காதுக்குப் புதிதன்று: ஓவி என்ற மராத்திப் பாவகையின் நான்காம் அடியும் குட்டை, பெரிய அபங்கத்தில் ஆறு, ஆறு, ஆறு எழுத்துகளுக்குப் பின் நான்கு.

இன்னொரு வசதி, மராத்தியிலும் ளகரம் உண்டு. வட இந்தியப் பிள்ளை தடுமாறும் இடத்தை நம் பிள்ளை சுலபமாகத் தாண்டும். ழகரத்துக்குத்தான் பயிற்சி வேண்டும்; இப்பாட்டில் அது இரண்டு இடத்தில் வருகிறது. தேவநாகரியில் எழுதிக் கொடுக்கும் பெற்றோர், குறில் எகரத்துக்கு அதில் வழக்கமான குறி இல்லை என்பதை மறக்கக் கூடாது. வாயால் சொல்லித்தருவதே நல்லது. பொருள் சொல்லச் சந்தி பிரியுங்கள். ஒப்பிக்கும்போது சேர்த்தே சொல்லட்டும், பிரித்தால் ஓசை கெடும்.

போட்டி நடத்துவோரிடம் ஒரு விண்ணப்பம். மூன்று நிமிடம் என்ற கணக்கை விடுங்கள். வெண்பாவுக்கு அரை நிமிடம் தாராளம். மிச்ச நேரத்தில் அந்தப் பறவை எதைக் கண்டு பயந்தது என்று பிள்ளையையே கேளுங்கள். மராத்தியில் பதில் வந்தாலும் மதிப்பெண் போடுங்கள்.